18 மணி நேரம் கொடுங்கள்!

மருத்துவ மாணவர்களின் மன அழுத்தத்தை யோகா குறைக்கும் என்பதற்கான சான்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. நம் கல்லூரிகளோ ஜூன் மாதம் பாய் விரித்துப் படம் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உடலியங்கியல் ஆய்வகத்தில் ஒரு செய்முறை உண்டு. வகுப்புத் தோழர்களில் ஒருவரைக் கட்டிலில் படுக்கவைத்து, கைகால்களில் இ.சி.ஜி. மாட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவர் கையை மெல்ல உயர்த்தி ஐந்து வரை எண்ணுவார்; படுத்திருப்பவர் மூச்சை இழுக்க வேண்டும். கையை மெல்ல இறக்கி மறுபடியும் ஐந்து எண்ணுவார். மூச்சை விட வேண்டும். இப்படி ஒரு நிமிடத்துக்கு ஆறே ஆறு மூச்சு. வெளியே வரும் காகிதத்தைப் பார்த்தால், மூச்சை இழுக்கும்போது துடிப்புக் கோடுகள் நெருங்கி நிற்கும், விடும்போது விலகி நிற்கும். சர்க்கரை நோயாளிக்குத் தானியங்கி நரம்புகள் பழுதாகியிருக்கின்றனவா என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை இது. ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்து, வகுத்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அன்றைய வேலை முடிந்தது. அந்த ஒரு நிமிடம் அவர் செய்தது பிராணாயாமத்தின் பாலபாடம் என்று பெரும்பாலும் யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அதே மாணவரை, பாடத்தில் ஒரு பகுதி முடிந்ததும் வைக்கும் பார்ட் கம்ப்ளீஷன் தேர்வு நாளில் பார்க்க வேண்டும். முந்தின இரவு சௌராசியாவின் உடற்கூறியல் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டியே விடிந்திருக்கும். காலையில் மெஸ் இட்லி தொண்டைக்குக் கீழே இறங்கியிருக்காது. டிசெக்‌ஷன் ஹால் வாசலில், ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்க, பிரேக்கியல் பிளெக்சஸ் எனும் நரம்புப் பின்னலின் கிளைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு தன் ரோல் நம்பருக்காகக் காத்து நிற்பார். நெஞ்சு அடிப்பது அவருக்கே கேட்கும். அதைத் தணிக்கும் வழி அவருடைய ரெக்கார்டு நோட்டிலேயே, பேராசிரியரின் கையெழுத்தோடு கிடக்கிறது.

ஆறு பேரில் ஐந்து பேர்

மருத்துவ மாணவர்களின் மன அழுத்தம் என்றவுடன், 'எந்தப் படிப்பில்தான் டென்ஷன் இல்லை?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சில எண்கள். 2016-ல் அமெரிக்காவின் 'ஜாமா' மருத்துவ இதழ், 47 நாடுகளில் நடந்த 195 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரையை வெளியிட்டது. சுமார் 1,29,000 மருத்துவ மாணவர்களின் தகவல் அதில் இருந்தது. 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோயோ அதன் அறிகுறிகளோ இருந்தன. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 11.1 சதவீதம். இவற்றைவிட என்னை உறுத்தும் எண் இன்னொன்று: மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் 15.7 சதவீதம் பேர்தான் மனநல சிகிச்சையை நாடினார்கள். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பவர்கள் இவர்கள். மனநலப் பிரிவு எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் என்பது தெரிந்தவர்கள். ஆறு பேரில் ஐந்து பேர் அந்தப் பக்கம் போகவில்லை.

நம் நாட்டுக் கணக்கும் இதே திசையில்தான் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம், பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனப் பேராசிரியர் சுரேஷ் படா மத் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. 2024-ல் அது அறிக்கை தந்தது. ஆன்லைன் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பதில் சொன்னார்கள். தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தெரிவித்தார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16.2 சதவீதம், முதுநிலையில் 31.2 சதவீதம். இதில் ஒரு எச்சரிக்கை: விருப்பமுள்ளவர்கள் மட்டும் நிரப்பிய படிவம் இது, அடிபட்டவர்கள்தான் அதிகம் நிரப்பியிருப்பார்கள். அந்தக் கழிவைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சமிருப்பது சின்ன எண் இல்லை.

தமிழ்நாட்டு மாணவருக்கு இதற்கு மேலும் சில சுமைகள். நீட்டுக்காக ஓராண்டு, ஈராண்டு 'ரிப்பீட்டர்' வகுப்பில் உட்கார்ந்து, ஏற்கெனவே களைத்துத்தான் பலர் உள்ளே வருகிறார்கள். பள்ளியில் முதல் மாணவராகவே இருந்து பழகியவர், 150 பேரோ 250 பேரோ இருக்கும் வகுப்பில் முதல் இன்டர்னல் தேர்விலேயே ஃபெயிலாகிறார். வாழ்க்கையில் அவர் பார்க்கும் முதல் ஃபெயில் அதுதான். 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை கோட்டு போடத் தொடங்கினார்கள். தமிழக அரசு செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. ஆனால், 12 வருடம் தமிழில் படித்த பிள்ளை முதல் நாளே இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறது. விடை தெரிந்திருந்தும் வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் வாக்கியம் அமையாமல் திணறுகிறது. ஊரில் அம்மா அப்பாவுக்கு ஃபோன் போட்டு இதைச் சொல்ல முடியாது. தெருவுக்கே மிட்டாய் கொடுத்து வழியனுப்பியவர்கள் அவர்கள்.

மேலண்ணத்தில் ஒரு புண்

மன அழுத்தம் வெறும் மனசு சம்பந்தப்பட்டது, கொஞ்சம் தைரியமாக இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'ஸ்ட்ரெஸ்' என்கிற கருத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த ஹான்ஸ் செல்யேவுக்கு அதன் பொறி தட்டியதே பிராக் நகரில் மருத்துவ மாணவராக இருந்தபோதுதான். வெவ்வேறு நோய்களோடு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சோர்ந்து, பசியற்று, 'நோயாளி' போலவே தெரிகிறார்களே, இது என்ன என்று அவர் யோசித்தார். பிற்பாடு கனடாவின் மாண்ட்ரியாலில் எலிகளை வைத்து அந்தச் சந்தேகத்தைத் துருவினார். 1936-ல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பிலிருந்துதான் இந்தத் துறையே கிளம்பியது.

அதன் பிறகு மருத்துவ மாணவர்களே இந்த ஆராய்ச்சியின் சோதனைக்கூடமானார்கள். காரணம் சுலபம்: அவர்களுக்கு எப்போது அழுத்தம் வரும் என்பது தேர்வு அட்டவணையிலேயே அச்சாகியிருக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் ரொனால்ட் கிளேசரும் 75 முதலாண்டு மாணவர்களிடம், தேர்வுக்கு ஒரு மாதம் முன்பும் தேர்வு தொடங்கிய நாளிலும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் தொற்றிய செல்களையும் புற்று செல்களையும் அழிக்கும் 'நேச்சுரல் கில்லர்' அணுக்களின் செயல்பாடு தேர்வு நாளில் குறைந்திருந்தது. 1984-ல் வெளிவந்த ஆய்வு அது.

1998-ல் அதே குழு இன்னும் ஒரு படி போனது. பல் மருத்துவ மாணவர்கள் 11 பேர், மேலண்ணத்தில் சிறு வட்டமாகப் புண் செய்துகொள்ளச் சம்மதித்தார்கள். ஒன்று கோடை விடுமுறையில், இன்னொன்று தேர்வுக்கு மூன்று நாள் முன்னால். அதே வாய், அதே அளவுப் புண். தேர்வுக் காலப் புண் ஆறுவதற்கு சராசரியாக 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்தது. 11 பேரில் ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வுக் காலத்தில் ஆறவில்லை. புண் ஆறுவதையே தள்ளிப்போடும் ஒன்றை 'மனசு சரியில்லை' என்று கடந்துபோக முடியுமா?

ஜிப்மர் சொன்ன பதில்

யோகாவுக்கு வருவோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது ஜிப்மர். யோகாவைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் வேலையை அங்கே உடலியங்கியல் துறையினர் பல ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார்கள். அதில் முக்கியமான பெயர் பேராசிரியர் மதன்மோகன். அவருடைய குழு 1992-ல் வெளியிட்ட ஆய்வில் 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகப் பயிற்சி கொடுத்தார்கள். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த அவர்களுக்குப் பிடித்த நேரம், சராசரியாக 270 மில்லி விநாடியிலிருந்து சுமார் 225-க்கு இறங்கியது. 2008-ல் ஜிப்மரிலேயே யோக சிகிச்சை, கல்வி, ஆராய்ச்சிக்கான உயர் மையம் உருவானது.

இந்தக் கட்டுரைக்கு ஆதாரமாக நான் எடுத்துக்கொள்வது அங்கிருந்து 2013-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வை. 18 முதல் 25 வயது வரையிலான மருத்துவத் துறை மாணவர்கள் 90 பேர். குலுக்கல் முறையில் மூன்று அணியாகப் பிரித்தார்கள். முதல் அணிக்கு வேகப் பிராணாயாமம்: கபாலபாதி, பஸ்த்ரிகா, நாய் இளைப்பதுபோல் நாக்கை நீட்டி மூச்சு வாங்கும் குக்குரியா. இரண்டாம் அணிக்கு மெதுவான பிராணாயாமம்: நாடிசோதனா, சாவித்ரி, பிரணவம். மூன்றாம் அணிக்கு எதுவும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், 12 வாரம். பயிற்சி பெற்ற ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார்.

முடிவு சுவாரஸ்யமானது. உலகெங்கும் புழங்கும் கேள்விப் பட்டியல் ஒன்றால் மன அழுத்தத்தை அளந்தபோது, வேக அணி, மெது அணி இரண்டிலுமே அது குறைந்திருந்தது. ஆனால், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தத்தின் கீழ் அளவும் குறைந்தது மெதுவாக மூச்சுவிட்ட அணிக்கு மட்டும்தான். டி.வி.யில் வயிறு குலுங்கக் குலுங்கக் கபாலபாதி செய்து காட்டுபவர்களைப் பார்த்துவிட்டு, அதுதான் யோகா என்று நம்புகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் மூன்று அரை மணி, 12 வாரம். மொத்தம் 36 அமர்வு, 18 மணி நேரம். நான்கரை ஆண்டுப் படிப்பில் 18 மணி நேரம்.

மும்பை சயனில் உள்ள லோகமான்ய திலகர் மருத்துவக் கல்லூரியிலிருந்து 1999-ல் வந்த ஆய்வு தேர்வு பயத்தை நேராகவே எடுத்துக்கொண்டது. முதலாண்டு மாணவர்கள் 50 பேர். யோகா செய்த குழுவில் சாதாரண நாள் பதற்றமும் குறைந்தது, தேர்வு நாளில் அது எகிறுவதும் மட்டுப்பட்டது. யோகா குழுவில் ஃபெயிலானவர்கள் குறைவு என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது. இந்தக் கடைசித் தகவலைக் கையில் எடுத்துக்கொண்டு 'யோகா செய்தால் மார்க் வரும்' என்று யாரும் போஸ்டர் அடிக்கக் கூடாது. 50 பேரை வைத்து அவ்வளவு பெரிய வாக்குறுதி கொடுக்க முடியாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மாத்திரைக்குப் பதில் சர்க்கரை வில்லை கொடுத்து ஏமாற்றுவதுபோல, பொய் யோகா கொடுத்து ஏமாற்ற முடியாது. தான் யோகா செய்கிறோம் என்று தெரிந்தவரிடமே 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார். வாரம் மூன்று முறை ஒரு ஆசிரியர் அன்பாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே பாதி மருந்தாக வேலை செய்திருக்கலாம். இவ்வளவையும் கழித்த பிறகும், துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கியிருப்பதை முகத்தாட்சண்யம் என்று தள்ளிவிட முடியாது. கருவிக்கு முகத்தாட்சண்யம் கிடையாது.

ஜெபமாலையும் மந்திரமும்

மெதுவாக மூச்சுவிட்டால் ஏன் இதயம் அடங்குகிறது? வழக்கமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். ரத்த அழுத்தம் தானாகவே சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஓர் அலையைக் கொண்டிருக்கிறது. மூச்சை நிமிடத்துக்கு ஆறாகக் குறைத்தால் ஒரு மூச்சுக்கும் 10 விநாடி. இரண்டு அலையும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்கின்றன. கழுத்திலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் கூர்மையாக வேலை செய்கின்றன. மூச்சை விடும் ஒவ்வொரு முறையும் வேகஸ் நரம்பு இதயத்தை மட்டுப்படுத்துகிறது.

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தமானது. 23 பேரை இரண்டு விதமாக ஜெபிக்கச் சொன்னார்கள். ஒன்று, லத்தீன் மொழியில் மரியன்னை ஜெபமாலை. இன்னொன்று, புத்தமத மந்திரம். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு வந்து நின்றது. இதயத்தில் ஒரே மாதிரி மாற்றம். நரம்புக்கு மதம் தெரியாது. ஒரு வகுப்பில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், கடவுளே இல்லை என்பவர் என எல்லாரும் இருப்பார்கள். 'ஓம்' சொல்ல விருப்பமில்லாதவர், வாயை மூடி வண்டுபோல் 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும் பிராமரியைச் செய்துவிட்டுப் போகலாம். இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

ஜூன் மாதத்து யோகா

மூச்சுக்கு மதம் இல்லை என்று சொல்லாமல் விட்டதால் என்ன ஆயிற்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய மாணவர்களுக்கான சுற்றறிக்கை ஒன்றை அனுப்பியது. ஆண்டுதோறும் ஜூன் 12-ல் தொடங்கி, சர்வதேச யோகா நாளான ஜூன் 21 வரை 10 நாள் யோகா பயிற்சி என்ற பரிந்துரை அதில் இருந்தது. கூடவே, வெள்ளை கோட்டு அணியும்போது, வழக்கமான உறுதிமொழிக்குப் பதில் ஆயுர்வேத நூலாசிரியர் சரகரின் பெயரிலான உறுதிமொழி எடுக்கலாம் என்ற பரிந்துரையும். அடுத்து நடந்தது ஊருக்கே தெரியும். மதுரை மருத்துவக் கல்லூரியில் சரகர் உறுதிமொழி எடுக்கப்பட்டது, அதற்காக டீன் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார், சில நாளில் திரும்பவும் பொறுப்பேற்றார். உறுதிமொழிச் சண்டையில் யோகாவைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இரண்டும் ஒரே உறையில் வந்ததால் யோகாவும் அரசியல் சாயத்தோடேயே பார்க்கப்பட்டது. வருத்தமான விஷயம். நம் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். அதைக் கற்றுக்கொள்ள டெல்லிச் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் தமிழருக்கு இல்லை.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆய்வு கேட்பது 12 வாரம், சுற்றறிக்கை கொடுப்பது 10 நாள். மாணவருக்குத் தேவை மாடல் தேர்வுக்கும் பல்கலைக்கழகத் தேர்வுக்கும் முந்தைய மாதங்களில். சுற்றறிக்கை கொடுப்பது ஜூனில். மைதானத்தில் வரிசையாகப் பாய், மேடையில் சிறப்பு விருந்தினர், மேலே டிரோன், அன்று மாலையே ஃபேஸ்புக்கில் படம். மறுநாள் பாயைச் சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்தால் அடுத்த ஜூனில்தான் வெளியே வரும். ஐந்து நாளுக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையை ஒரு வேளையோடு நிறுத்தும் நோயாளியை இதே ஆசிரியர்கள் திட்டித் தீர்ப்பார்கள்.

எங்கே, எப்போது, எப்படி?

'டைம் எங்க சார் இருக்கு?' என்பதுதான் மாணவர் தரப்பின் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. காலை எட்டு மணிக்கு வகுப்பு அல்லது வார்டு. அதற்கு முன் குளியலறை வரிசை, மெஸ் வரிசை. ஐந்தரை மணிக்கு எழுந்து வா என்று சொன்னால், இரண்டு மணிக்குப் படுத்தவருக்கு அது யோகா இல்லை, தண்டனை. தூக்கத்தைப் பறித்துக் கொடுக்கும் யோகா எந்தப் பயனும் தராது என்பது என் கட்சி. ஆகவே அது கல்லூரி நேரத்துக்குள், அட்டவணையில் எழுதப்பட்ட வகுப்பாக இருக்க வேண்டும். மாலை நான்கு மணி தோதான நேரம். மதியம் சாப்பிட்டது செரித்திருக்கும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருத்துவ வகுப்புகளில் இன்று மாணவிகளே கணிசம். திறந்த மைதானத்தில், சுடிதாரோடு, பின்வரிசையில் பையன்கள் நிற்க, குனிந்து நிமிர எந்தப் பெண்ணும் மனமார வரமாட்டாள். ஹாஸ்டலின் பொது அறையோ, மாலையில் காலியாக இருக்கும் லெக்சர் ஹாலோ போதும். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் மூச்சுப் பயிற்சிக்குப் பாயும் வேண்டாம், தனி உடையும் வேண்டாம்.

செய்முறை இவ்வளவுதான். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்கு மடக்கிக்கொள்ளுங்கள். பெருவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசியால் ஐந்து எண்ணும்வரை மெல்ல இழுங்கள். மோதிர விரலால் இடது நாசியை மூடி, வலது பக்கம் ஐந்து எண்ணும்வரை விடுங்கள். பிறகு வலது வழியே இழுத்து இடது வழியே விடுங்கள். இது ஒரு சுற்று. புதிதாகச் செய்பவர்கள் மூச்சை உள்ளே அடக்கிப் பிடிக்க வேண்டாம். முதல் வாரம் ஐந்து எண்ணிக்கை முட்டினால் மூன்றில் தொடங்கலாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகளை உயர் ரத்த அழுத்தம், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஆசிரியர் இல்லாமல் தொடக் கூடாது.

ஆசிரியருக்கு எங்கே போவது என்று கேட்டால், பல டீன்களுக்கு அவர் அதே வளாகத்திலேயே இருக்கிறார். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே நடக்கிறது. யோகா, இயற்கை மருத்துவத்தில் பி.என்.ஒய்.எஸ். பட்டம் பெற்ற மருத்துவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா பிரிவை நடத்துகிறார்கள். சர்க்கரை நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் அங்கே தினமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த அறை வாசலைத் தாண்டி ஓடும் மாணவரை மட்டும் யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.

யோகா செய்ய முடியாத வேலை

முதுநிலை மாணவர்களிடம் பேச்சை எடுத்தாலே கசப்பாகச் சிரிக்கிறார்கள். பணிக்குழுவின் கணக்கெடுப்பில், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பதாக 45 சதவீதம் முதுநிலை மாணவர்கள் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வார விடுப்பு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. 1992-ம் ஆண்டின் மத்திய அரசு ரெசிடென்சி விதிகள் ஏட்டில் இருக்கின்றன. 2024 பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரு நாள் விடுப்பு கட்டாயம், ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அட்மிஷன் டே டியூட்டி முடிந்து, குளிக்காமலேயே ரவுண்ட்ஸுக்கு நிற்கும் ஒருவரிடம் போய் 'நாடிசோதனா செய்தீர்களா?' என்று கேட்பது கிண்டல். அவருக்கு வேண்டியது தூக்கம். டியூட்டி ரோஸ்டரைத் திருத்தாமல், சீனியரின் வசவை நிறுத்தாமல், 'யோகா வகுப்பு நடத்தியிருக்கிறோமே' என்று கோப்பில் எழுதும் நிர்வாகம், பழியை மாணவர் தலையிலேயே கட்டுகிறது. அமைதியாக இருக்கத் தெரியாதது உன் குற்றம் என்கிறது. இந்த மோசடிக்கு யோகா உடந்தையாகக் கூடாது.

இருந்தாலும், டியூட்டி ரூமில் 20 நிமிடம் கிடைக்கிறவருக்கு ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து, உடம்பை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்திக்கொண்டே போகும் யோக நித்திரை. பிகாரின் முங்கேரில் யோகப் பள்ளி நடத்திய சத்யானந்த சரஸ்வதி இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். அவருடைய குரு சிவானந்தர், நம் பத்தமடைக்காரர். தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, மலாயாவில் டாக்டராக வேலை பார்த்து, பிறகு ரிஷிகேஷ் போனவர். வெறும் சவாசனத்தை ரத்த அழுத்த நோயாளிகளிடம் சோதித்து, மும்பை இதய மருத்துவர் கே.கே. தாதே 1969-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். மருத்துவத்துக்கும் யோகாவுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு எல்லை உண்டு என்பதையும் மாணவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வுப் பதற்றத்தை அது தணிக்கும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் நாட்டமில்லாமல், வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறவருக்கு அது போதாது. அவர் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. தேவைப்பட்டால் மாத்திரையும் சாப்பிட வேண்டும். 'யோகா பண்ணு, சரியாயிடும்' என்று அவரைத் திருப்பி அனுப்புகிறவர், அறியாமலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார். தமிழ்நாட்டு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'மனம்' எனும் மனநல நல்லாதரவு மன்றங்கள் மருத்துவ மாணவர்களை மனதில் வைத்தே வந்தவை. உங்கள் கல்லூரியில் அது பெயர்ப் பலகையோடு நிற்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று மாணவர் சங்கங்கள் கேட்க வேண்டும்.

டீன்களுக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் கேட்பது ஒன்றுதான். அடுத்த முதலாண்டு அட்டவணை போடும்போது, தேர்வுக்கு முந்தைய 12 வாரங்களில் வாரத்துக்கு மூன்று மாலை அரை மணி நேரத்தை எழுதிவையுங்கள். வருகைப் பதிவு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், படம் வேண்டாம். தொடக்கத்திலும் முடிவிலும் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள். கருவிகள் உங்கள் உடலியங்கியல் ஆய்வகத்திலேயே இருக்கின்றன. பலன் இல்லை என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு தூக்கிவிடலாம்.

இதைப் படிக்கும் மாணவர்களில் யாருக்காவது இப்போதே பேச ஆள் வேண்டும் என்றால், டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இரவு பகல் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.